கிட்டார் கார்ட்ஸைக் கீபோர்டில் பிடிப்பது எப்படி?

பாட்டு வரிகளுக்கு மேலே ஜி, ஈ மைனர், சி, டி என்று கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) எழுதிய தாளைக் கிட்டார் நண்பர் கொடுத்திருப்பார். வீட்டில் இருப்பதோ கீபோர்டு. அதே தாளை வைத்தே வாசிக்கலாம். கிட்டாரில் ஜி பிடித்து ஆறு தந்தியையும் மீட்டினால் ஜி மூன்று முறை, பி இரண்டு முறை, டி ஒரு முறை கேட்கும். ஆக மூன்றே சுரம், நமக்கு மூன்று விரல் போதும்.

முதலில் மேஜர், அதாவது மைனர் என்று போடாத வெறும் ஜி, சி, டி. ஜி கட்டையில் கட்டைவிரலை வையுங்கள். அதை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து வலப்பக்கம் 4 கட்டை எண்ணினால் பி. அங்கிருந்து 3 எண்ணினால் டி. மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். மைனருக்கு முதலில் 3, பிறகு 4: ஈ, ஜி, பி. பாட்டு கற்றவர்களுக்கு இன்னும் சுலபம். இரண்டுமே ச-க-ப தான். மேஜரில் அந்தர காந்தாரம், மைனரில் சாதாரண காந்தாரம்.

அடுத்தது கை மாற்றம். புதிதாகப் பழகுபவர்கள் திணறுவது இங்கேதான். ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைத்தால் தாளம் தப்பும். சுரங்களின் வரிசையை மாற்றிப் பிடியுங்கள்:

ஜி: பி, டி, ஜி
ஈ மைனர்: பி, ஈ, ஜி
சி: சி, ஈ, ஜி
டி: ஏ, டி, எஃப் ஷார்ப்

ஜி-யிலிருந்து ஈ மைனருக்கு நடுவிரல் மட்டும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கு நகர்கிறது, பார்த்தீர்களா? அங்கிருந்து சி-க்குக் கட்டைவிரல் மட்டும். டி-க்குத்தான் மூன்று விரலும் இறங்க வேண்டும். இந்த நான்கையும் நிதானமாக ஒரு வாரம் சுற்றுங்கள்.

இடது கைக்கு ஒரே வேலை, கார்டின் பெயர்ச் சுரத்தைக் கீழே தனியாக அழுத்துவது. ஜி/பி என்று கோடு போட்டிருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள பி இடது கைக்கு. கீழ்ப்பக்கம் மூன்று சுரத்தையும் சேர்த்து அழுத்தாதீர்கள், கொழகொழவென்று கேட்கும்.

கடைசியாக கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றக் கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் நான் ஜி பிடித்தேன். பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க, என்ன கார்டுங்க?" என்றால், "ஜி தானுங்க" என்கிறார் கிட்டார்காரர். அவர் சொன்னதும் பொய்யில்லை. விரல் பிடித்தது ஜி. கழுத்தின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கட்டத்தில்) கேப்போ இருந்ததால் ஒலித்தது ஏ. சுருதிக் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டைப் (ஜி) பாட்டு ஆறு கட்டைக்கு (ஏ) ஏறியிருந்தது.

எனவே தாளின் மேல்மூலையில் கேப்போ 2 என்று இருந்தால் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை +2 ஆக்கிவிட்டு, எழுதியபடியே வாசியுங்கள். பாட்டு முடிந்ததும் மறக்காமல் 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அன்றைக்கு அடுத்த பாட்டில் நான் மாட்டியது அதில்தான்.