முதல் டியூப் ஹெட்போன் ஆம்ப்: பெட்டியைப் பிரிப்பது முதல் டியூப் மாற்றுவது வரை

மேசை மேல் வைக்கிற சின்ன டியூப் ஆம்ப் ஒன்றை, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய் (டியூப்) வைத்து ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் பெட்டியை, புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் முதல் நாள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எல்லா ஒயரையும் மாட்டி, ஹெட்போனைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். காதுக்குள் 'டப்' என்று ஓர் அடி விழுந்தது. இந்தக் கருவியில் எதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் பாதி விஷயம் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

குறைந்த விலையில் கிடைக்கிற டியூப் ஆம்ப்களில் பெரும்பாலானவை ஹைப்ரிட் வகை. உள்ளே வரும் சிக்னல் முதலில் டியூப் வழியாகப் போகும். ஹெட்போனை அசைக்கத் தேவையான கரன்ட்டைக் கொடுப்பது அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டரோ ஐசியோதான். 6ஜே1 டியூப் இரண்டு செருகிய எக்ஸ்டூ எம்டி-602 இந்த வகை. இன்னொன்று ஓடிஎல் (அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்லெஸ்). இதில் கடைசி வரை டியூப்தான் வேலை செய்யும், டியூப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மரும் கிடையாது. டார்க்வாய்ஸ் 336எஸ்இ இதற்குப் பேர்போன உதாரணம். அதில் 6எஸ்என்7, 6ஏஎஸ்7 என்று இரண்டு பெரிய டியூப்கள் நிற்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் ஹெட்போனும் ஆம்ப்பும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு ஆம்ப்புக்கும் வெளியீட்டு மின்தடை என்று ஒன்று உண்டு. அது ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. 32 ஓம் ஹெட்போன் என்றால் 4 ஓமுக்குள். ஹைப்ரிட் ஆம்ப்கள் பொதுவாக இதைச் சமாளித்துவிடும். ஓடிஎல் ஆம்ப்பில் இந்த மின்தடை பல பத்து ஓம் இருக்கும், அதனால் 16 ஓம், 32 ஓம் இயர்போன்களை அதில் மாட்டினால் தாழ்ந்த சுரங்கள் தொளதொளவென்று கேட்கும்.

அதே ஓடிஎல்லில் சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 மாதிரி 300 ஓம் ஹெட்போனை மாட்டினால் கதையே வேறு. 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் அந்த எண் எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தாழ்ந்த பகுதியில் 500 ஓமை நெருங்கிவிடும். ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓம் இருக்கும் இடத்தில் சிக்னலில் 75 சதவீதம் ஹெட்போனுக்குப் போகும், 500 ஓம் இருக்கும் இடத்தில் 83 சதவீதம் போகும். தாழ்ந்த சுரங்கள் சுமார் 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். டியூப் ஆம்ப்பின் 'கதகதப்பு' என்று பலரும் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

இன்னொரு பங்கு டியூப்பே சேர்க்கிற இரண்டாம் ஹார்மோனிக். 440 ஹெர்ட்ஸ் சுரம் உள்ளே போனால் கூடவே 880 ஹெர்ட்ஸும் கொஞ்சம் சேர்ந்து வெளியே வரும். அது அதே சுரம்தான், ஒரு ஸ்தாயி மேலே. அதனால் பிசிறாகத் தெரியாமல் குரலுக்குக் கொஞ்சம் உடம்பு கூடின மாதிரி கேட்கும். மலிவு ஹைப்ரிட்களில் இந்த அளவு குறைவுதான். வித்தியாசம் இருக்கும், ஆனால் வேறோர் உலகம் திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிரித்ததும் பார்க்க வேண்டியவை

அடாப்டரை முதலில் பாருங்கள். வோல்ட் எவ்வளவு, ஏசியா டிசியா என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சில ஆம்ப்கள் ஏசி வெளியீடு தரும் அடாப்டரைக் கேட்கும். பின் பொருந்துகிறதே என்று வேறு பெட்டியின் அடாப்டரைச் செருகினால் ஆம்ப் அங்கேயே போய்விடும்.

டியூப்கள் தனியாகப் பஞ்சில் சுற்றி வந்திருந்தால் நீங்கள்தான் செருக வேண்டும். ஒயர் எதுவும் மாட்டாமல் செய்யுங்கள். 6ஜே1 டியூப்பின் அடியில் 7 பின்கள் வட்டமாக இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி அகலமாக இருக்கும். சாக்கெட்டிலும் அதே அகல இடைவெளி இருக்கும். இரண்டையும் நேர்ப்படுத்தி வைத்துவிட்டு, நேராகக் கீழே அழுத்துங்கள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும். பின் ஏதாவது சாய்ந்திருந்தால் முதலில் அதை மெதுவாக நிமிர்த்திக்கொள்ளுங்கள். அப்படியே அழுத்தினால் பின் இறங்கும் இடத்தில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

டியூப்பின் உச்சியில் உள்பக்கம் பாதரசம் பூசின மாதிரி வெள்ளி நிறப் பளபளப்பு தெரியும். பெரும்பாலும் அது பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளத்தான் அதைப் பூசி வைத்திருக்கிறார்கள். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் வேலை செய்யாது. அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இடம்

ஆம்ப்பைச் சுற்றி, முக்கியமாக மேலே, ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஓடிஎல் ஆம்ப்பின் டியூப் தொட்டால் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாகும், குழந்தைகள் கை எட்டாத இடம் பாருங்கள். மொபைலையும் வைஃபை பெட்டியையும் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடி இல்லாத டியூப் அந்த அலைகளைப் பிடித்துக்கொண்டு 'டுர்ர்ர்' என்று ஹெட்போனில் ஒலிக்கும்.

ஒயர் மாட்டுவது

டேக் இருந்தால், அதாவது டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றித் தரும் பெட்டி இருந்தால், அதன் ஆர்சிஏ வெளியீட்டிலிருந்து ஆம்ப்பின் இன்புட்டுக்குக் கேபிள் போடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. கணினியில் வால்யூமை முழுதாக வைத்துவிடுங்கள், குறைப்பதும் கூட்டுவதும் இனிமேல் ஆம்ப்பின் குமிழில்தான். டேக் இல்லை, லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்துதான் எடுக்கிறீர்கள் என்றாலும் பரவாயில்லை. அங்கே வால்யூமை 80, 90 சதவீதத்தில் வையுங்கள். அங்கே குறைத்து இங்கே கூட்டினால் பாட்டோடு சேர்ந்து லேப்டாப்பின் இரைச்சலும் பெருகும்.

சுவிட்ச் போடும் வரிசை

வால்யூம் குமிழை அடி மட்டத்துக்குத் திருப்புங்கள். கெயின் சுவிட்ச், அதாவது ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், இருந்தால் குறைந்த பக்கம் தள்ளுங்கள். ஹெட்போன் மாட்டாமல் ஆம்ப்பை ஆன் செய்யுங்கள்.

இப்போது டியூப்பைக் கவனியுங்கள். போட்ட அந்த நொடியே ஆரஞ்சு வெளிச்சம் பளிச்சென்று வந்தால் அது சாக்கெட்டுக்கு அடியில் வைத்திருக்கும் எல்இடி. மலிவு ஆம்ப்கள் பலவற்றில் அழகுக்காக அதை வைக்கிறார்கள், தவறொன்றும் இல்லை. நிஜ டியூப்பின் தணல் மெதுவாகத்தான் வரும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், சில நொடிகள் கழித்து நடுவில் இருக்கும் மெல்லிய உலோகக் குழலின் முனையில் மங்கலான செம்மை ஒன்று ஊறி வரும். அந்தக் குழல்தான் கேத்தோடு. அது நன்றாகச் சூடேறினால்தான் எலக்ட்ரான் வெளியே வரும், டியூப் வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். முதல் அரை நிமிடத்திலேயே அவசரப்பட்டுக் கேட்டால் பாட்டு மெலிந்தும் கலங்கியும் இருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இரண்டு நிமிடம் போகட்டும். அப்புறம் ஹெட்போனை மாட்டி, பாட்டை ஓடவிட்டு, குமிழை மெதுவாகத் திருப்புங்கள். குமிழின் ஆரம்பத்தில் ஒரு காதில் மட்டும் சத்தம் தூக்கலாகக் கேட்கலாம். மலிவான குமிழ்களில் இது சகஜம், கொஞ்சம் கூட்டினால் சமமாகிவிடும். சமமாகும் இடத்துக்கு வருவதற்குள் சத்தம் அதிகமாகிவிடுகிறது என்றால் மட்டும் கணினியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். நல்ல ஆம்ப்பில் பிசிறு தெரியாததால் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்பதே மறந்துபோகும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அணைக்கும்போது தலைகீழ் வரிசை: குமிழ் கீழே, ஹெட்போன் வெளியே, பிறகு சுவிட்ச். உடனே மறுபடி போடாமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

உய்ய்ங் என்று ஒரு சத்தம் வந்தால்

இன்புட் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஆம்ப்பில் இல்லை. லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றினாலே பல நேரம் அமைதியாகிவிடும். கேபிள் இல்லாமலும் சத்தம் தொடர்ந்தால் அடாப்டரை வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள், மொபைல் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டியூப்பை நகத்தால் லேசாகத் தட்டினால் 'டிங்' என்று மணிச் சத்தம் ஹெட்போனில் கேட்கும். உள்ளே இருக்கும் உலோகக் கம்பிகள் அதிர்வதால் வருவது அது, பயப்பட வேண்டாம். மேசையில் தட்டச்சு செய்யும்போதே கேட்கிறது என்றால் ஆம்ப்புக்கு அடியில் ரப்பர் துண்டு நான்கு வையுங்கள்.

டியூப் மாற்றுவது

வாங்கிய வாரமே வேறு டியூப் தேட ஆரம்பிக்காதீர்கள். கூட வந்த டியூப்பிலேயே ஒரு மாதமாவது கேளுங்கள். நன்றாகத் தெரிந்த பத்துப் பாட்டு அதில் எப்படிக் கேட்கிறது என்பது மனதில் பதிந்தால்தான், மாற்றியபின் எது மாறியது என்று சொல்ல முடியும். சின்ன சிக்னல் டியூப்கள் பொதுவாகப் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும், அவசரமே இல்லை.

மாற்றும்போது பொருத்தம்தான் முக்கியம், பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 6ஜே1 இருக்கும் இடத்தில் 6ஏகே5, 5654, ஈஎஃப்95 செருகலாம். 6என்3 இருக்கும் இடத்தில் 5670 செருகலாம். ஆனால் 6என்3, 6922 இரண்டுக்கும் 9 பின்கள்தான் என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றது ஆகாது. கேத்தோடைச் சூடேற்றும் கம்பிக்கு ஹீட்டர் என்று பெயர். 6என்3இன் ஹீட்டர் 1, 9 பின்களில் இருக்கிறது, 6922இன் ஹீட்டர் 4, 5 பின்களில். மாற்றிச் செருகினால் டியூப்போ ஆம்ப்போ போய்விடும். எந்த டியூப்பெல்லாம் சேரும் என்று ஆம்ப்போடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மெல்லிய துணியால் டியூப்பை அடிப்பக்கம் பிடித்து, மிகச் சின்ன வட்டமாக ஆட்டிக்கொண்டே மேலே இழுங்கள். ஒரே பக்கமாகச் சாய்த்தால் பின் வளையும். பெட்டியின் அடிமூடியைக் கழற்றும் வேலை வேண்டாம். ஓடிஎல் ஆம்ப்பின் உள்ளே 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

எட்டு மாதம் கழித்து என் ஆம்ப்பில் இடது காதில் மட்டும் கரகரப்பு வந்தது. ஆம்ப்பே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மேலே சொன்ன மாதிரி ஆறவிட்டு, இடது டியூப்பை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினேன். கரகரப்பு வலது காதுக்குப் போய்விட்டது. அப்படியானால் கோளாறு டியூப்பில். ஜோடியாக வேறு இரண்டு வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது. இடம் மாற்றியும் கரகரப்பு அதே காதில் நின்றிருந்தால் சாக்கெட்டையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டும். டியூப்பை இரண்டு மூன்று தடவை கழற்றிச் செருகினால் பின்னில் படிந்த அழுக்கு போய்ச் சில நேரம் அதுவும் சரியாகும். சரியாகவில்லை என்றால் ஆம்ப்பைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.