சரியான பதிலுக்கும் "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள்: வகுப்பில் சிந்திக்கப் பழக்கும் வழி

மாணவர்களைச் சுயமாக யோசிக்கப் பழக்க தனிப் பாடவேளை எதுவும் வேண்டாம், நடத்துகிற பாடத்திலேயே வாரத்துக்கு ஒரு கேள்வியை இந்த முறையில் கொண்டுபோனால் ஆரம்பத்துக்கு அது போதும்.

படி 1: கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

பாடநூலில் வரியைத் தேடி அப்படியே எழுதிவிடக்கூடிய கேள்வி உதவாது. கேட்டவுடன் ஒரு பதில் தோன்ற வேண்டும், அதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கவும் முடிய வேண்டும். உதாரணத்துக்கு, "கனமான பொருள்தான் சீக்கிரம் கீழே விழுமா?"

படி 2: வாயை மூடிக் காத்திருங்கள்

கேட்க எளிது, செய்வதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 விநாடிதான் பொறுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதேபோல் காத்திருங்கள், பல நேரம் அந்த இடைவெளியில்தான் "ஏன்னா..." என்று காரணம் வெளியே வரும்.

படி 3: முதலில் எழுதட்டும், அப்புறம் பேசட்டும்

ஒவ்வொருவரும் தன் பதிலையும் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், கடைசியில் வகுப்பு முழுக்க. எழுதாமல் நேராகப் பேச விட்டால் முதலில் கத்துகிறவரின் பதிலே எல்லோருடைய பதிலாகிவிடும்.

படி 4: சோதித்துப் பாருங்கள்

ஒரே நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். எடை ஒன்றுதான், ஆனாலும் உருண்டை முதலில் தரையைத் தொடும். "எடைதான் காரணம்" என்று எழுதியவர்கள் இப்போது தங்கள் காரணத்தைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். யாராவது "காற்று தடுக்குது" என்பார்கள். உடனே "சரி, வெரி குட்" என்று முடித்துவிடாதீர்கள். "அப்படியானால் அதை எப்படிச் சோதிக்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறிய தாளை ஒட்டினாற்போல் வைத்து விட்டால் இரண்டும் சேர்ந்தே விழும், ஏனென்றால் கீழேயிருந்து வரும் காற்றைப் புத்தகம் வாங்கிக்கொள்கிறது. இந்த வாதமெல்லாம் முடிந்த பிறகு, 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்ட காணொளியைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் அவர்கள் யோசிக்க எதுவும் மிஞ்சாது.

படி 5: சரியான பதிலையும் கேள்வி கேளுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தப்பான பதிலுக்கு மட்டும் "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே பதில் தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் காரணத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றுவார்கள். சரியோ தப்போ, ஒரே குரலில் கேளுங்கள். மனப்பாடமாகச் சரியாகச் சொன்னவர் காரணம் தெரியாமல் தடுமாறலாம், தப்பாகச் சொன்னவரிடம் நல்ல காரணம் இருக்கலாம். இரண்டையும் வகுப்பு பார்க்கட்டும்.

படி 6: மாற்றிக்கொண்டதை எழுதச் சொல்லுங்கள்

"முன்பு இப்படி நினைத்தேன், இதைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டேன்" என்று முதலில் எழுதியதற்குக் கீழேயே எழுதட்டும், பழையதை அழிக்க வேண்டாம். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் எல்லோரும் முதலிலேயே பாதுகாப்பான பதிலைத்தான் எழுதுவார்கள்.

அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வி: பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்தான் கோடை வருகிறதா? பூமி மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். இந்தத் தகவலை மட்டும் கடைசி வரை கையில் வைத்திருங்கள்.