எந்த அசையில் அழுத்துவது?

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்பது இது: "இலக்கணம் சரியாத்தான் இருக்கு, நான் பேசுற இங்கிலீஷ் மட்டும் அவங்களுக்கு ஏன் புரியலை?" பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். தமிழில் எல்லா அசையையும், அதாவது சொல்லின் ஒவ்வொரு ஒலித்துண்டையும், ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்க வேண்டும், மற்றவை அமுங்க வேண்டும்.

டெல்டாவில் தினமும் புழங்கும் சொல்லையே பார்ப்போம். பயிர் இன்சூரன்ஸ் என்னும்போது நாம் 'இன்' மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அழுத்தம் நடுவில் 'ஷூ'வில் வர வேண்டும்; கடைசி அசை பாதி விழுங்கியதுபோல் லேசாக. டெவலப், கமிட்டி இரண்டிலும் இரண்டாவது அசை. ஹோட்டலில் 'டெல்'.

'புரொட்யூஸ்' இன்னும் வேடிக்கை. விளைபொருள் என்ற பெயர்ச்சொல்லானால் முதல் அசை, விளைவிப்பது என்ற வினையானால் இரண்டாவது. பெர்மிட், ரெக்கார்ட் கூட இப்படித்தான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதைப் பொருத்திவிடாதீர்கள். 'ரிப்போர்ட்' எப்படி வந்தாலும் இரண்டாவதுதான்.

'ஷன்' என்று முடிகிறதா? அதற்கு முந்தைய அசையில் அழுத்துங்கள்: இரிகேஷன், எஜுகேஷன் இரண்டிலும் 'கே'.

சந்தேகம் வந்தால் அகராதியில் உச்சரிப்புக் குறியைப் பாருங்கள். மேலே நிற்கும் சின்னக் கோட்டுக்கு அடுத்த அசையில் அழுத்தம். அந்த அசைக்கு மட்டும் தொடையில் ஒரு தட்டு தட்டிச் சொல்லிப் பழகுங்கள். திருவையாற்றுக்காரர்களுக்குத் தாளம் போடச் சொல்லித்தரவா வேண்டும்!