எஸ்எஸ்எச்எஃப்எஸ் பூட்டில் தானாக மவுண்ட் ஆகவில்லையா?

லினக்ஸில், வேறொரு சேர்வரின் கோப்புறையை எஸ்எஸ்எச் வழியாக நம் கொம்பியூட்டரில் இணைத்து (மவுண்ட் செய்து) காட்டும் கருவி எஸ்எஸ்எச்எஃப்எஸ். கையால் கட்டளை கொடுத்தால் மவுண்ட் ஆகிறது, கொம்பியூட்டரை மீளத் தொடக்கினால் கோப்புறை வெறுமையாகக் கிடக்கிறது. கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக் கொம்பியூட்டரில், ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைகள் இருக்கும் சேர்வரை இணைத்தபோது நடந்தது இதுதான். எஸ்எஸ்எச்எஃப்எஸ் நிறுவி, கடவுச்சொல் கேட்காத எஸ்எஸ்எச் சாவியொன்றைச் செய்து சேர்வரிலும் சேர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எதை எங்கே மவுண்ட் செய்வதென்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் (/etc/fstab) ஒரு வரி வேண்டும்: சேர்வர் முகவரி, மவுண்ட் ஆகும் இடம், வகை ஃபியூஸ்.எஸ்எஸ்எச்எஃப்எஸ், அப்புறம் தெரிவுகள். ஐடென்டிட்டிஃபைல் தெரிவில் சாவியின் முழுப் பாதையையும் எழுதுங்கள். அலைக்குறி (~) போட்டுச் சுருக்கினால் அது நிர்வாகிக் கணக்கான றூட்டின் வீட்டுக் கோப்புறையைத்தான் காட்டும்.

ஏனென்றால் பூட் நேரத்தில் மவுண்ட் செய்வது நீங்கள் இல்லை, றூட். நிறையப் பேரை அலைக்கழிக்கும் இடம் இது. இந்த சேர்வரை நம்பலாம் என்று நீங்கள் முன்பு 'யெஸ்' சொன்னது உங்கள் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் இருக்கிறது, றூட்டுக்கு அந்த சேர்வரைத் தெரியாது, கேள்வி கேட்டால் பதில் தட்ட அந்த நேரத்தில் ஆளும் இல்லை. திரையில் வருவதோ 'கனெக்சன் றீசெட் பை பியர்', அதைப் பார்த்து நெட்வேர்க் கோளாறு என்று கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்போம். சூடோ போட்டு (அதாவது றூட்டாக) அதே சாவியோடு ஒருமுறை எஸ்எஸ்எச் செய்து 'யெஸ்' என்று தட்டிவிடுங்கள், சரி.

றூட் மவுண்ட் செய்ததை மற்றவர்களும் திறக்க 'அலவ்_அதர்' தெரிவு கட்டாயம், கூடவே உங்கள் யூஐடி (பயனர்), ஜிஐடி (குழு) எண்கள், பெரும்பாலும் 1000.

கரண்ட் போய் வந்தால் றூட்டர் எழும்புவதற்குள் கொம்பியூட்டர் எழும்பிவிடும், மவுண்ட் தோற்றுவிடும். இதற்கு, வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஸ்லீப் (சில வினாடி காத்திருப்பு) போடச் சொல்வார்கள், எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை, எத்தனை வினாடி என்று யார் சொல்வது? 'நோஆட்டோ', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்', '_நெட்டெவ்' மூன்றையும் சேர்த்தால் கோப்புறையை யாராவது திறக்கும்போதுதான் மவுண்ட் ஆகும். கோப்பைச் சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் டீமன்-றீலோட் கொடுத்து, றிமோட்-எஃப்எஸ்.டார்கெட்டை மீளத் தொடக்குங்கள். இன்னும் ஆகவில்லையென்றால் ஜேர்னல்சிடிஎல்லை '-பி' தெரிவோடு ஓட்டி, இந்தமுறை பூட் ஆனதன் பதிவுகளை வாசியுங்கள்.

பின்சேர்க்கை: வைஃபை அறுந்து வந்த பிறகு 'ட்ரான்ஸ்போர்ட் எண்ட்பொயின்ட் இஸ் நொட் கனெக்டட்' வருகிறதென்று சாவகச்சேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சூடோவோடு யூமவுண்ட் '-எல்' கொடுத்துக் கழற்றிவிட்டு, தெரிவுகளில் 'றீகனெக்ட்', 'சேர்வர்அலைவ்இன்டர்வல்=15' இரண்டையும் சேருங்கள்.