திரை அணைந்தும் மின்விசிறி சுற்றுகிறதா? கணினியை முழுதாக நிறுத்தும் வழி

ஷட் டவுன் கொடுத்தாயிற்று. திரையும் இருண்டுவிட்டது. ஆனால் பெட்டிக்குள் மின்விசிறி நிற்கவில்லை, பவர் பட்டனில் விளக்கும் எரிகிறது. உடனே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம், கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடிப்போம்.

மின்விசிறி நின்றுவிட்டது, மதர்போர்டில் ஒரு சிறு விளக்கோ மவுஸின் வெளிச்சமோ மட்டும் தெரிகிறது என்றால் அது கோளாறே அல்ல. பிளக் செருகியிருக்கும்வரை மேசைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பெட்டி) 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இப்போதைக்கு நிறுத்தியாக வேண்டுமா? பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் 4 முதல் 10 விநாடிக்குள் அணைந்துவிடும். தினமும் இப்படிச் செய்யாதீர்கள். வட்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் கெடும்.

படி 1: ஷிப்ட் சோதனை

ஷிப்ட் விசையை அழுத்தியபடியே ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். இந்த முறை ஒழுங்காக அணைந்ததா? அப்படியானால் சந்தேகம் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ மீதுதான் விழ வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. நாம் ஷட் டவுன் கொடுத்தால், திறந்திருக்கும் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப்பகுதியையும் (கெர்னல்), வன்பொருள்களை இயக்கும் டிரைவர் நிரல்களின் நிலையையும் வட்டில் ஒரு கோப்பாகச் சேமித்துவைக்கும். அடுத்த முறை அதையே எடுத்து விரித்துக்கொள்வதால் கணினி சீக்கிரம் தயாராகிறது. இடையில் ஏதாவதொரு டிரைவர் ஒத்துழைக்க மறுத்தால் எல்லாம் பாதியில் நின்றுபோகும். ஷிப்டுடன் நிறுத்தும்போது இந்தச் சேமிப்பு நடப்பதில்லை.

படி 2: அதை அணைத்துவிடுங்கள்

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் திறக்கவும். கீழே உள்ள பெட்டிகள் மங்கலாக இருக்கும். மேலே, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கான வரியைக் கிளிக் செய்தால் அவை உயிர்பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சேமிப்பகம் வைத்திருப்பவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அந்த வரியே காணோம் என்றால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு அடிப்படையான ஹைபர்னேஷன் (கணினியின் நிலையை வட்டில் சேமித்துவிட்டு அணையும் வசதி) ஏற்கெனவே அணைந்திருக்கக்கூடும். காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

படி 3: யூ.எஸ்.பி.

பிரிண்டர், வெளிவட்டு, ஹப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். அணைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

படி 4: டிரைவர்

இன்டெல் கணினி என்றால் டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் உள்ள ‘மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்’ இந்த விஷயத்தில் பெயர்போன ஆசாமி. அதற்கும் மதர்போர்டின் சிப்செட்டுக்கும் (பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சில்லு) பொருத்தமான டிரைவரை, மதர்போர்டு அல்லது மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் நம்புவதில்லை.

படி 5: பயாஸில் ஒரு சோதனை

மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போங்கள். அங்கே பவர் பட்டனை ஒருமுறை தட்டினால் பெரும்பாலான கணினிகள் அந்தக் கணமே அணையும். அணைந்தால் வன்பொருள் நலம், தவறு விண்டோஸ் பக்கம். விண்டோஸை மீண்டும் நிறுவுவதைப் பற்றி வேண்டுமானால் இப்போது யோசிக்கலாம். அங்கேயும் மின்விசிறி சுற்றினால் பயாஸ் அமைப்புகளை இயல்புநிலைக்கு மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., சிக்கிக்கொண்ட பவர் பட்டன் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது பயாஸிலும் அணையவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் விண்டோஸில் கைவைக்காமல் நேராகப் பெட்டியைத் திறப்பார்.