கலங்கிய குளிர்நீரில் பாஸ் மீன்: கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள்

குளிர்காலத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தால், நடு ஏரியை நோக்கித் தூண்டிலை வீசத்தான் கை துடிக்கும். வேண்டாம். கலங்கலில் பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீன் பெரும்பாலும் கரையோரப் பாறை, மூழ்கிய மரக்கிளை போன்ற ஏதாவதொன்றை ஒட்டியே நிற்கும். எனவே கரைக்கு இணையாக வீசுங்கள். அதற்கு முன், விளிம்பிலிருந்து இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள். காலடி அதிர்வு போதும், மீன் விலகிவிடும்.

மீனுக்குக் கண் உதவாத இடத்தில், உடலின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள உணர்வுறுப்புகள் அதிர்வைப் பிடிக்கின்றன. ஆகவே கிலுகிலுப்பை வைத்த கறுப்பும் நீலமும் கலந்த பருமனான ஜிக் (எடைத் தலை வைத்த முள்ளோடு கூடிய போலி இரை) நல்லது; அடர்நிறம் கலங்கலிலும் நிழலுருவாகத் தெரியும். குளிரில் மீனின் செரிமானமே மந்தம், இரையைத் துரத்தாது. தரையோடு இழுத்து, நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எனக்கு ஐந்திலேயே பொறுமை போய்விடும், அது வேறு கதை. கடி பலமாக இருக்காது. தூண்டில் நரம்பு சற்றுக் கனத்தாலே கோலைச் சுண்டிவிடுங்கள்.

விடியற்காலையில் எழுந்து நடுங்கத் தேவையில்லை. வெயில் விழும் பாறைக்கரையில் பிற்பகலே உகந்த நேரம்.