குப்புறப் போடும் முன்பே டியூபைச் சரிபாருங்கள்

முள்ளந்தண்டு ஒபரேஷனில் நோயாளியைக் குப்புறப் போட்டுவிட்டால் வாய்ப்பக்கம் கை போகாது. மயக்கத்தில் மூச்சுக்காக மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் டியூபின் வேலை முழுவதும் அவர் மல்லாந்திருக்கும்போதே முடிய வேண்டும்.

முந்தின நாளே வார்டில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பதுளை, ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலிருந்து வருகிறவர்களிடம் "வெத்தில போடுவீங்களாம்மா, எத்தன வருசமா?" என்று கேட்காமல் விடாதீர்கள். வருஷக்கணக்காகப் பாக்கு மென்றவர்கள் சிலருக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி நாராக இறுகியிருக்கும். விரலால் தடவினால் பட்டை பட்டையாகத் தெரியும். அவருடைய மூன்று விரல் வாய்க்குள் நெடுக்காகப் போகாவிட்டால் எச்சரிக்கை. இந்த இறுக்கம் தசையில் இல்லை. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தாலும் வாய் திறக்காது. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஸ்கோப்பில் (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய வளையும் குழாய்) டியூப் போடத் தயாராகுங்கள். ஆடும் பல்லையும் குறித்துவையுங்கள்.

கழுத்து எலும்பு உடைந்தவருக்குக் கழுத்துப் பட்டையின் (கொலர்) முன்பாதியைக் கழற்றி, ஒருவர் தலையை அசையாமல் பிடிக்க, தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லரிங்கோஸ்கோப்பில் டியூபைப் போடுங்கள். தண்டுவடம் அடிபட்டு 48 மணி நேரம் தாண்டியிருந்தால் தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் வேண்டாம். இரத்தப் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம்.

சுவருக்குள் கம்பிச்சுருள் வைத்த டியூப்: உள்விட்டம் பெண்ணுக்கு 7.0, ஆணுக்கு 7.5 அல்லது 8.0 மில்லிமீட்டர். பல்வரிசையில் நிற்க வேண்டிய அளவு பெண்ணுக்கு ஏறத்தாழ 21, ஆணுக்கு 23 சென்டிமீட்டர். இது வளைந்தால் மடங்காது. ஆனால் கடித்து நசுங்கினால் திரும்ப விரியாது. அதனால் இரு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் சுருட்டிய கோஸ் துணி கட்டாயம், நாக்கு இடையில் சிக்காமல். டியூப் நுனியில் காற்றடைக்கும் பையின் (கப்) அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர். எச்சில் ஊறிப் பிளாஸ்டர் கழன்றுவிடும். கன்னத்தைத் துடைத்துக் காயவைத்து மேல்தாடையில் ஒட்டுங்கள், கீழ்த்தாடை அசையும்.

பிரட்டும் முன் 100% ஒட்சிசன். தலையும் டியூபும் மயக்கமருந்து வைத்தியரின் கையில். எண்ணிச் சொல்வதும் அவரே. டியூபை மெஷினோடு இணைக்கும் குழாயைக் கழற்றி, பிரட்டி, உடனே மாட்டுங்கள். மொனிட்டரில் வெளிமூச்சின் கார்பன் டயொக்சைட் அலையைப் பாருங்கள், இரு நெஞ்சையும் கேளுங்கள். முகவாய் நெஞ்சோடு குனிந்தால் டியூப் உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்குள் போய்விடும். தலை நிமிர்ந்தால் மேலே வரும்.

ஒபரேஷன் நடுவே டியூப் கழன்றால் குப்புறக் கிடக்கும்போதே லரிஞ்சியல் மாஸ்க் (குரல்வளை மேல் உட்காரும் மூச்சு மாஸ்க்) போட்டு ஒட்சிசன் கொடுங்கள். மல்லாக்கப் பிரட்ட வேண்டிவந்தால் அவரைக் கிடத்த ட்ரொலி உடனே வேண்டும். காயம் தைத்து முடியும்வரை அது தியேட்டர் வாசலை விட்டு நகரக்கூடாது.

நீண்ட ஒபரேஷனுக்குப் பிறகு நாக்கும் முகமும் வீங்கியிருந்தால் அவசரப்பட்டு டியூபை எடுக்காதீர்கள். தலையை உயர்த்தி, வீக்கம் வடியும்வரை ஐசியுவில் வைத்திருங்கள்.